குளியல் தொப்பி

குசினிக்கும் கூடத்துக்கும் நடுவே
கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டத்துக்கு
நான்தான் தொப்பி போட்டேன்.
நயாகரா போனபோது
ஹோட்டல் அறையில் சுகிர்தா எடுத்துவந்த
பிளாஸ்டிக் குளியல் தொப்பி.
அளவெடுத்தது போலப் பிடித்துக்கொண்டது.
மூன்று பனிக்காலம்
வட்டம் வாய் திறக்கவில்லை.

அதுக்கும் குளிருதோ அப்பா, என்றாள் ஆரபி.
ஓம் என்றேன்.
ஸ்காபரோவில், ஜனவரியில்,
பதினோராம் மாடியில்
அது பெரிய பொய்யாகவும் தெரியவில்லை.

நான் கண்ட இடத்தில் பத்துகிறவன் இல்லை.
குளியலறையில் மட்டும்.
காற்றாடியைப் போட்டு,
கதவின் கீழே துவாயைச் சுருட்டிச் செருகி,
இரவு வேலைக்குப் போகமுன் ஒன்று
வந்தபின் ஒன்று
இடையில் ஏழு.
கொமோட் மூடியில் குந்தியிருந்து
சம்பளத்தையும் வாடகையையும் கூட்டிக் கழிப்பேன்.
புகை மேலே போகும்.
மேலே போனதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

ஆஸ்பத்திரியில்
பிள்ளையின் முகத்தில் முகமூடி.
மருந்து ஆவியாய் இரைகிறது.
வீட்டில் யாரும் புகைப்பதுண்டா,
தாதி கேட்டாள்.
இல்லை, என்றேன்.
ஆரபி முகமூடியை ஒரு கையால் விலக்கி
என்னைக் காப்பாற்றினாள்:
"பாத்ரூமில மட்டும்தான். துவாயும் வைக்கிறவர்."

தாதி ஏசவில்லை.
ஏசியிருந்தால் ஒரு கோபமாவது மிஞ்சியிருக்கும்.
எழுதிக்கொண்டே சொன்னாள்:
துவாய் தண்ணீரைத்தான் பிடிக்கும்.

அன்றிரவு கதிரை வைத்து ஏறினேன்.
தொப்பி
ஆறிய தேத்தண்ணியின் நிறம்.
விரலில் ஒட்டியது.
குளியலறையில் மட்டும் பத்துகிறவன்
கூடத்து வட்டத்துக்கு ஏன் தொப்பி போட்டான்?
மூன்று வருடம் இந்தக் கேள்வி
தலைக்கு மேலேயே இருந்தது.

விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
லிஃப்டுக்குக் காத்திருக்கிறேன்.
ஒவ்வொரு மாடியிலும் அது நிற்கிறது.
வாசலில் இருந்து ஒன்பது மீட்டர் தள்ளி
உப்புத் தூவிய நடைபாதையில்
கையுறையோடு பத்த முடியாது,
கையுறை இல்லாமலும் முடியாது.
திரும்பி வந்து ஜாக்கெட்டைக் கழற்றி
வெளிக்கதவருகே ஒரு பையில் கட்டி,
முழங்கைவரை கழுவி,
அதன்பிறகுதான் தூக்குவேன் அவளை.
ஒன்பது இப்போது நான்கு.
பாதி வைராக்கியம்.
பாதி, அந்த லிஃப்ட்.

கடினம் அதுவல்ல.
மொன்றியலில் இருந்து வந்த கமலநாதன் அத்தான்
சோபாவில் சாய்ந்து பெட்டியைத் தட்டியபோது
என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
என்னை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்ட மனுசன்.
முதல் பனிச்சப்பாத்து வாங்கித் தந்தவர்.
சுகிர்தா குசினியில் கரண்டியை நிறுத்தினாள்.
"அத்தான்,
வாங்கோ கீழ போவம். நானும் வாறன்."
மூத்திரம் உறைகிற குளிரடா, என்றார்.
வந்தார்.
லிஃப்டில் இரண்டு பேரும்
எண்கள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
கீழே, இரண்டு இழுவைக்குப் பிறகு கேட்டார்:
பிள்ளைக்குக் கனக்கவோ?
இப்ப பரவாயில்லை, என்றேன்.
மிச்சத்தைப் பனியில் குத்தி அணைத்தார்.

போன ஞாயிறு
செத்தல் மிளகாய் தாளித்தபோது
வட்டம் கத்தியது.
மூன்று வருடப் பேச்சையும்
ஒரே மூச்சில்.
யன்னலைத் திறந்து, துவாயைச் சுழற்றி,
தும்மித் தும்மி மூவரும் ஓடினோம்.
பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.
ஆரபி காதைப் பொத்திக்கொண்டு
கூரையைப் பார்த்துக் கத்தினாள்:
இது அப்பா இல்லை!
இது சாம்பார்!